பெண்ணின் அப்பா கொண்டுவந்த நிலாவரை

நான் குடியிருந்த லைன் வீட்டில் விடிவதற்கு முன்பே வாளிகள் வரிசையில் நின்றுவிடும். ஆட்கள் நிற்க மாட்டார்கள், வாளிதான் நிற்கும். ஏழெட்டு வீடுகளுக்குச் சேர்த்துக் கடைசியில் ஒரே ஒரு கக்கூஸ். யாருடைய வாளி முன்னால் இருக்கிறதோ அவர் போகலாம். அவர் வெளியே வந்ததும் பக்கத்தில் இருக்கிற யாராவது எல்லா வாளிகளையும் காலால் ஓரடி முன்னே தள்ளிவிடுவார்கள். கம்பெனி வண்டி மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் அத்தனை பேருடைய குடலும் ஒத்துழைத்தாக வேண்டும். ஒத்துழைக்காத குடல்காரன் பாடு திண்டாட்டம். உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே வெளியில் யாரோ வாளியின் கைப்பிடியைத் தட்டுவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் வருகிறதும் வராது.

இதனால் எங்கள் லைன் வீட்டில் மலச்சிக்கலைப் பற்றிப் பேச யாருக்கும் கூச்சம் கிடையாது. மற்ற ஊர்களில் மழை வருமா என்று பேசிக்கொள்வதைப் போல நாங்கள் இதைப் பேசினோம். வீட்டுக்கார அக்கா, ராத்திரி சூடான பாலில் ஊத்துக்குளி நெய் ஒரு கரண்டி விட்டுக் குடித்தால் போதும் என்பார். அடுத்த வீட்டுத் தேனிக்காரர் கடுக்காய்ப் பொடி கட்சி. கடைசி அறையில் இருந்த ஒரிசாப் பையன்கள் இசப்கோல் டப்பா வைத்திருந்தார்கள். ஊரில் இருந்து விளக்கெண்ணெய் பாட்டிலோடு வந்தவர்களும் உண்டு.

நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. ஒரு சாயப்பட்டறையின் லேபில் ஷேடு மேட்ச் பண்ணுகிற வேலை. வெளிநாட்டு பையர் அனுப்புகிற துண்டுத் துணியின் நிறத்தைப் பார்த்து, எந்தச் சாயத்தை எவ்வளவு போட்டால் அதே நிறம் வரும் என்று பீக்கரில் போட்டுப் பார்க்க வேண்டும். படித்த படிப்பு வாயைச் சும்மா வைத்திருக்க விடாது இல்லையா? ஒவ்வொருவர் வைத்தியத்துக்கும் நான் விளக்கம் சொல்லித் தொந்தரவு பண்ணுவேன். விளக்கெண்ணெயில் இருக்கிற ரிசினோலெயிக் அமிலம் குடலைச் சீண்டி ஓட வைக்கும் என்பேன். இசப்கோல் தண்ணீரைக் குடித்து வழவழவென்று உப்பும், நம் பிரிண்டிங் பசை ஊறுகிற மாதிரி என்பேன். கடுக்காயில் மட்டும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதில் இருப்பது டானின், சரியான துவர்ப்பு. அந்தக் காலத்தில் சாயம் துணியில் நிற்பதற்காகக் கடுக்காய்த் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். சாயத்தை இறுக்கிப் பிடிக்கிற சரக்கு வயிற்றை மட்டும் எப்படி இளக்கும் என்று தேனிக்காரரிடம் கேட்டேன். உனக்குப் போகிறதா இல்லையா, அதை மட்டும் சொல் என்றார். போகிறது என்றேன். அப்புறம் என்ன கேள்வி என்று வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கக்கூஸைக் கழுவுகிற பொறுப்பு வீட்டுக்கார அக்காவுடையது. பினாயில், ஆசிட் என்று அவர் காசைக் கரைக்க மாட்டார். திருப்பூரில் சாயப்பட்டறை ஆட்களைக் குடிவைத்திருப்பதில் ஒரு லாபம் உண்டு. பட்டறையில் சோடா ஆஷ் மூட்டை கிழிந்து தரையில் சிந்தினால் அதைத் திரும்பச் சாயத்தில் போட மாட்டார்கள், குப்பைதான். மாஸ்டரிடம் கேட்டு அதை அள்ளிக்கொண்டு வருவோம். துணி துவைக்க, எண்ணெய்ச் சட்டி தேய்க்க, தரை கழுவ, எல்லாவற்றுக்கும் அந்த வெள்ளைப் பொடிதான். அக்கா தினமும் மத்தியானம் வாளிக் கூட்டம் எல்லாம் ஓய்ந்த பிறகு கக்கூஸ் பீங்கானிலும் சுற்றியுள்ள சிமெண்டுத் தரையிலும் ஒரு டப்பா சோடாவைத் தூவிவிட்டு வந்துவிடுவார். கொஞ்ச நேரம் ஊறின பிறகு தண்ணீர் ஊற்றித் தேய்ப்பார். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சாயப்பட்டறைக்காரனுக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பு. கட்டிங் மாஸ்டர், டெய்லர் என்றால் யோசித்தாவது கொடுப்பார்கள். டையிங் என்றால் முதலில் கையை நீட்டச் சொல்வார்கள். என் நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். இரண்டு மூன்று இடம் தட்டிப்போன பிறகு, திசையன்விளைப் பக்கம் ஒரு பெண் இருப்பதாகத் தரகர் சொன்னார். பெண் பார்க்கப் போன அன்றைக்கு பிளீச்சிங் தண்ணீரில் விரலைத் தேய்தேய் என்று தேய்த்துவிட்டுப் போனேன். அவள் காபித் தட்டை நீட்டியபோது என் முகத்தைப் பார்க்கவில்லை, நகத்தைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தாள். அதோடு என் கதை முடிந்தது. இவள் இல்லையென்றால் வேறு யாரும் வேண்டாம் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

பெண்ணின் அப்பா மட்டும் பிடி கொடுக்கவில்லை. பெண் குடியிருக்கப் போகிற இடத்தைத் தான் ஒருமுறை வந்து பார்த்த பிறகுதான் சரி என்றோ இல்லை என்றோ சொல்வேன் என்று தரகரிடம் சொல்லியனுப்பினார். நியாயம்தான். ஒரே பெண். ஒரு வியாழக்கிழமை காலை பழைய பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார். ஒல்லியான, அளந்து பேசுகிற மனிதர். ஒரு தோளில் துண்டு, ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் இறுக்கிக் கட்டிய ஒரு மஞ்சள் பை.

மஞ்சள் பையில் காய்ந்த இலை இருந்தது. நிலாவரை. அவர்கள் பக்கத்துச் செம்மண் காட்டில் மழை இல்லாவிட்டாலும் வளர்கிற செடி. இலையை உருவிக் காயப்போட்டு மூட்டை கட்டினால் தூத்துக்குடி வியாபாரி வந்து எடுத்துக்கொண்டு போவார். அங்கிருந்து கப்பலில் வெளிநாட்டுக்குப் போகும். எக்ஸ்போர்ட் என்று சொல்வார்கள். அவர் என்ன நினைத்திருக்கிறார் என்றால், திருப்பூர் முழுக்க எக்ஸ்போர்ட்காரர்கள்தானே, என் முதலாளியிடம் காட்டினால் இதையும் சேர்த்து அனுப்ப மாட்டாரா என்று. பனியன் பெட்டியோடு பெட்டியாக. நான் சிரிப்பை மென்று விழுங்கிவிட்டு, கேட்டுப் பார்க்கிறேன் மாமா என்றேன். மாப்பிள்ளை வேஷம் போட்டவன் வேறு என்ன சொல்வான்?

ஊரைச் சுற்றிக் காட்டினேன். கம்பெனி, கடைவீதி, பிறகு எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற பாலம். பாலத்துக்குக் கீழே நொய்யலில் போய்ச் சேருகிற ஓடை. அன்றைக்கு அது கத்திரிப்பூ நிறத்தில் நுரை தள்ளிக்கொண்டு ஓடியது. அவர் நின்று பார்த்தார். நாளைக்கும் இதே கலரா என்று கேட்டார். ஆர்டரைப் பொறுத்து என்றேன். நான் தமாஷ் என்று நினைத்துச் சொன்னது அவருக்குத் தமாஷாகப் படவில்லை. 

மறுநாள் காலை அவரும் வாளியோடு போனார். திறந்த வெளியில், பனைமரத்து ஓரமாகப் போய்ப் பழகின உடம்பு. அங்கே அவசரப்படுத்த ஆளும் இல்லை, கைப்பிடியைத் தட்ட வாளியும் இல்லை. இங்கே உள்ளே போனவர் போன சூட்டில் வந்துவிட்டார். கொண்டுபோன தண்ணீர் சொட்டுக்கூடக் குறையாமல் வாளியில் திரும்பி வந்தது. லைன் வீட்டில் அதைக் கவனிக்காத ஆள் இல்லை. அடுத்த நாளும் அதே கதை. அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நெய் தரட்டுமா என்று கேட்டார். நான் எப்படி அவரிடம் கேட்பது? சோற்றைப் பாதியில் தள்ளிவைத்தார். முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. பெண்ணைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு பண்ண வந்தவர் இந்த முகத்தோடு முடிவு பண்ணினால் என் கதி என்ன ஆகும் என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவருக்குக் கலக்க வேண்டிய வயிறு எனக்குக் கலக்கியதுதான் வேடிக்கை.

சனிக்கிழமை சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தவர், பக்கத்துப் பெஞ்சுக்காரர் எழுந்து போகும்வரை காத்திருந்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மாப்ள, பஸ் ஏறுனதுல இருந்து வயிறு நவரல. வெளிய யாருட்டயும் சொல்லிராதிய."

தேனிக்காரரில் இருந்து ஒரிசாப் பையன்கள் வரை எல்லாருக்கும் தெரியும் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. கடுக்காய், நெய், விளக்கெண்ணெய் என்று என் கைவசம் இருந்த பட்டியலைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தார். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோமே! உங்கள் மஞ்சள் பையில் இருப்பதே பேதி மருந்துதானே மாமா என்றேன்.

தெரியும் என்றார். ஆனால் எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டால் தெரியவில்லை. நாங்க விக்கத்தான் செய்வோம், யாரு குடிச்சா என்றார். காலம் பூராவும் விளைவித்த மனிதருக்கு அதன் ருசி தெரியாது. பனியன் கம்பெனியில் எங்களுக்கும் அப்படித்தான், பையருக்குப் போகிற பனியனை நாங்கள் போட்டது கிடையாது. மெடிக்கல் ஷாப்பில் ஒரு பேதி மாத்திரை அட்டை வாங்கி அதன் பின்பக்கத்தைப் படித்துக் காட்டினேன். சென்னோசைடு என்று இருந்தது. உங்கள் நிலாவரை இலையில் இருக்கிற சரக்கின் பெயர்தான் இது, எங்கெங்கோ போய் இப்படி அட்டையில் அடைத்து வருகிறது என்றேன். அவர் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாத்திரை வேண்டாம், என் இலையையே போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் தெளிவு தெரிந்தது.

வீட்டுக்கு வந்து, ராத்திரிச் சாப்பாடு வாங்க நான் கடைக்குப் போய் வருவதற்குள் அவரே கஷாயம் வைத்துவிட்டார். ஒரு சிட்டிகை, இரண்டு சிட்டிகை போட வேண்டிய இடத்தில் ஒரு கைப்பிடி. வீடு முழுக்க வைக்கோலை வேகவைத்த மாதிரி ஒரு வாசனை. குடித்துவிட்டுப் படுத்தார்.

இந்த இலை ராத்திரி சும்மா இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. சென்னோசைடு சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு பொருள். இரைப்பையும் சிறுகுடலும் அதைத் தொடாமல் அனுப்பிவிடும். பெருங்குடலுக்குப் போன பிறகு அங்கே இருக்கிற பாக்டீரியாதான் சர்க்கரையைக் கழற்றிவிட்டு அதை வேலை செய்ய வைக்கும். பிறகு குடல் முறுக்கும், தண்ணீரை உள்ளே இழுக்கும். கைப்பிடி அளவு போட்டால் எப்படி முறுக்கும் என்பதை ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தெருவே பார்த்தது. வாளி வரிசை, முறை, மரியாதை எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. வாளிகளைத் தாண்டி ஒரே ஓட்டம். வந்தார், மறுபடியும் ஓடினார். முன்னால் நின்ற வாளிக்காரர்கள் யாரும் மூச்சு விடவில்லை. தேனிக்காரர் தன் வாளியைத் தானே பின்னால் நகர்த்திவைத்தார். எனக்கு அந்த மனிதர்களை அன்றைக்கு ரொம்பப் பிடித்தது.

பத்து மணிவாக்கில் ஓய்ந்தது. உப்புப் போட்ட கஞ்சியும் மோரும் கொடுத்தோம். அவர் சிரித்துப் பேச ஆரம்பித்தார். பெண் ஆறாவது படிக்கும்போது வாங்கின பரிசைப் பற்றியெல்லாம் சொன்னார். சரி, காரியம் கனிந்துவிட்டது என்று நான் மனசுக்குள் மேளம் கொட்டிக்கொண்டிருந்தேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை அதற்குப் பிறகுதான்.

மத்தியானம் ஒன்றுக்குப் போகிறேன் என்று எழுந்து போனவர் பேயறைந்த மாதிரி திரும்பி வந்தார். துணிப்பையில் வேட்டியை மடித்து வைக்க ஆரம்பித்தார். என்ன மாமா என்றால், கிளம்புதேன், ஊருக்குப் போயி சொல்லுதேன் என்றார். கல்யாணப் பேச்சில் ஊருக்குப் போய்ச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கூடவே கோபமும் வந்தது. இவ்வளவு செய்தும் இப்படியா? வழியை மறித்து நின்று, காரணம் சொல்லாமல் விட மாட்டேன் என்றேன்.

அவர் கதவைச் சாத்தினார். 

"செவப்பாப் போகுது மாப்ள. அந்த ஓடைச் சாயம் கணக்கா. உங்க ஊருத் தண்ணிய நாலு நாளு குடிச்சதுக்கே எனக்குள்ள சாயம் எறங்கிட்டு. எம் பிள்ளை ஆயுசு பூரா குடிக்கணுமே."

எனக்கு முதலில் பயம்தான். ரத்தமோ என்று நினைத்தேன். வலிக்கிறதா, எரிகிறதா, காய்ச்சல் உண்டா, முன்னே எப்போதாவது இப்படி ஆகியிருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று சட்டையை மாட்டிக்கொண்டே, எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கக்கூஸுக்குள் போனேன்.

வெள்ளைப் பீங்கானில் அக்கா சற்று முன்னால் தூவியிருந்த சோடாப் பொடி அப்படியே இருந்தது. பொடி இருந்த இடமெல்லாம் நல்ல சிவப்பு. செம்பருத்தி இதழைக் கசக்கிப் போட்ட மாதிரி. ஆனால் பொடி படாத ஓரத்தில், வெறும் சிமெண்டில் தெறித்திருந்த சொட்டுகள் மஞ்சளாகத்தான் இருந்தன. கொஞ்சம் பழுப்பு கலந்த மஞ்சள். அங்கேயே நின்றுவிட்டேன். ரத்தமாக இருந்தால் இரண்டு இடத்திலும் சிவப்பாக அல்லவா இருக்க வேண்டும்? எங்கள் பட்டறைச் சாயமாக இருந்தாலும் அப்படித்தான். சோடா பட்டால் சிவப்பாகவும் படாவிட்டால் மஞ்சளாகவும் தெரிகிற சரக்கு ஒன்றைக் காலேஜில் படித்திருக்கிறேன். ஆந்த்ரோகுவினோன். எங்கள் லேப் அலமாரியில் அந்த வம்சத்தைச் சேர்ந்த நீலச் சாயம் ஒரு டின் இருந்தது. நிலாவரையும் அதே வம்சம்தான். குடித்ததில் கொஞ்சம் ரத்தத்தில் கலந்து ஒன்றுக்கோடு வெளியே வந்திருக்கிறது.

கக்கூஸில் நின்றுகொண்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

வெளியே வந்து, மாமா, மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு என்னோடு வாருங்கள், நான் சொல்வது பொய்யாகப் போனால் அப்படியே உங்களை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு நானே பஸ் ஏற்றிவிடுகிறேன் என்றேன். அவர் அரைமனதாக வந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பட்டறையில் வாட்ச்மேனைத் தவிர ஆள் இல்லை. லேபைத் திறந்து ஃபேனைப் போட்டு, அவரை ஸ்டூலில் உட்கார வைத்தேன்.

அவர் கையாலேயே இலையை எடுத்துப் பீக்கரில் போடச் சொன்னேன். கொதிக்க வைத்து வடிகட்டி, ஒரு கரண்டி சோடா ஆஷ் போட்டுக் கலக்கினேன். கலங்கலாக ஒரு பழுப்புதான் வந்தது. கொஞ்சம் சிவப்போடியது என்று வேண்டுமானால் சொல்லலாம். அவர் குனிந்து பார்த்தார். டீத்தண்ணி கணக்கால்லா இருக்கு என்றார்.  பெரிய கெமிஸ்ட்ரிக்காரன் என்று கூட்டிக்கொண்டு வந்து இப்படி மூக்குடைபட்டு நின்றேன். அவர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்தே விட்டார்.

இருங்கள் என்று கத்தினேனா கெஞ்சினேனா என்று நினைவில்லை. யோசித்தேன். இவர் வயிற்றில் நடந்தது இந்தப் பீக்கரில் நடக்கவில்லை, அவ்வளவுதான். சர்க்கரை இன்னும் கழறவில்லை. பெருங்குடல் செய்கிற வேலையை நான்தான் செய்ய வேண்டும். காரத்தை அளப்பதற்காக வைத்திருந்த ஆசிட்டை எடுத்துப் புதிதாக வடித்த இலைத் தண்ணீரில் விட்டு, மறுபடியும் அடுப்பில் வைத்தேன். கழன்ற சரக்கு நிறம் பிடிக்க, துணியை வெளுக்க வைத்திருக்கிற பெராக்சைடில் ஒரு சொட்டு. கொஞ்ச நேரம் கொதித்து ஆறிய பிறகு பார்த்தால் நல்ல மஞ்சள். அவரையே சோடாவைப் போடச் சொன்னேன். தயங்கித் தயங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். புஸ்ஸென்று நுரைத்தது, அடங்கியது, மறுபடியும் நுரைத்தது. ஆசிட்டின் வேகம் தீர்ந்து, நுரைப்பது நின்று, அடுத்த கரண்டி விழுந்ததும் பீக்கர் முழுக்க அந்தச் சிவப்பு இறங்கியது.

அவர் பீக்கரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இம்புட்டு நாளும் இலைக்குள்ள இந்தச் செவப்பு இருந்திருக்கு, எங்க மண்ணே செவப்பு, அதுல எங்க தெரிய என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.  தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டே பீக்கரைக் கழுவப் போனேன்.

"இது எங்க இலைச் சாயம், சரி. அந்த ஓடையில ஓடுதே, அது எந்த இலை மாப்ள?"

நான் குழாயை மூடினேன். சாமர்த்தியமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். அதெல்லாம் சுத்தம் பண்ணித்தான் விடுகிறார்கள் என்று சொல்லியிருந்தால், அந்தப் பீக்கர் சூட்டில் அவர் நம்பியும் இருப்பார். ஆனால் ஒரு வீண் பயத்தைக் கழற்றிக் காட்டிவிட்டு ஒரு பொய்யை மாட்டிவிட எனக்கு மனசு வரவில்லை. அது எங்கள் சாயம்தான் என்றேன். எங்கள் பட்டறைத் தண்ணீரும் அதில்தான் போகிறது. சுத்தம் பண்ணித்தான் விட வேண்டும், எல்லா நாளும் அப்படி விடுவதில்லை. குடிக்கிற தண்ணீர் வேறு, அது வெளியூர் ஆற்றில் இருந்து குழாயில் வருகிறது, வருகிற அன்றைக்குக் குடத்தில் பிடித்து வைத்துக்கொள்கிறோம். போர்வெல் தண்ணீரை நான் வாயில் வைக்க மாட்டேன், உங்கள் பெண்ணையும் வைக்க விட மாட்டேன். ஆனால் ஓடையை என்னால் நிறுத்த முடியாது மாமா என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிறகு, சரி மாப்ள, ஊருக்குப் போயி சொல்லுதேன் என்றார். மறுபடியும் அதே வார்த்தை. மஞ்சள் பையை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அங்கிருந்து பேச்சே இல்லை. தரகருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. வேலையில் மனசு நிற்கவில்லை, ஷேடு ஒன்றும் சரியாக வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, இறங்கியதும் வெளியே போகவில்லை. இப்போது என் வாளி போன தண்ணீரோடு திரும்பி வந்தது. மஞ்சள் பையைத் தொடவும் பிடிக்கவில்லை. வீட்டுக்கார அக்காவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் நெய் விட்ட பாலை என் கையில் கொடுத்துவிட்டு, நிதானமாகக் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, தண்ணியப் பத்தி இப்பவே எதுக்குங்க அதையெல்லாம் சொன்னீங்க? கண்ணாலம் முடிஞ்சு ஊட்டுக்கு வந்தா அந்தப் புள்ளைக்கே தெரிஞ்சிட்டுப் போகுதுங்க."

 அக்கா சொன்னதும் உலக நியாயம்தான். அன்றைக்கு ராத்திரி எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது. அரிச்சந்திரன் வேஷம் கட்ட வேறு நாள் கிடைக்கவில்லையா என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவள் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்து அழுகையும் வந்தது.

இரண்டு நாள் கழித்து லேபில் ஒரு பச்சை ஷேடோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது செல் அடித்தது. தெரியாத நம்பர். நாந்தான் என்றது ஒரு பெண் குரல். அதுவரை நான் அவள் குரலைக் கேட்டதில்லை. ஆனாலும் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. அண்ணன் செல்லில் இருந்து பேசுவதாகச் சொன்னாள். பிறகு, எங்க அப்பா ஒண்ணுக்குப் போனதை லேபில் வைத்து டெஸ்ட் பண்ணினீர்களாமே, நிஜமா என்று கேட்டாள். ஐயோ, இல்லை, இலையைத்தான் என்று நான் பதறினேன். அவள் சிரித்தாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஓடையைப் பற்றி அப்பா சொன்னாரா என்று கேட்டேன். சொன்னார் என்றாள். பயமாக இல்லையா என்றேன். இருக்கிறது என்றாள். ஒன்றும் இல்லை என்று நீங்கள் சொல்லியிருந்தால் இன்னும் பயந்திருப்பேன் என்றாள்.   அப்படியானால் உன் முடிவு என்ன என்று ஒருவழியாகக் கேட்டுவிட்டேன்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பக்கத்து அறையில் அப்பா இருந்திருக்க வேண்டும்.

"எங்கப்பா வயித்துக்கு முடியலன்னு இதுவரைக்கும் ஒரு ஆள்ட்ட வாயத் தொறந்து சொன்னதில்ல. எங்கம்மாட்டகூட சொன்னதில்ல, ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டாலும் ஒண்ணுமில்லம்பாவ. உங்ககிட்ட சொல்லியிருக்காவ. அதுக்கு மேல நான் என்னத்தப் போயி விசாரிக்க?"